ஆசிரியரை மறுத்த கண்கள்

பள்ளிகளின் பாடவேளையைக் கடிகாரம் வகுக்கிறது. கடலோரக் கோடைப் பள்ளியின் பாடவேளையை நிலவு வகுக்கிறது. நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் கடல்நீர் கரையேறுவதும் இறங்குவதுமான ஏற்றவற்றம் பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இருமுறை நிகழ்கிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் கழிவதால், இன்று காலை 6 மணிக்கு முற்றிலும் வற்றிய கரை நாளை அந்த நிலைக்கு வரும்போது காலை மணி 6.50 ஆகிவிடுகிறது. எனவே கடல்வாழ் உயிர்களைக் கற்க வரும் மாணவருக்கு நாள் என்பது ஒவ்வொரு நாளும் வெவ்வேறு பொழுதில் தொடங்குகிறது. சில நாள்களில் விடியுமுன்பும், சில நாள்களில் உச்சி வெயிலிலும் அவர் வாளியும் வலையுமாகக் கரைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. கற்கப்படும் பொருள் கற்பவரின் வசதிக்குக் காத்திருக்காது என்ற இந்த முதல் பாடத்தை எவரும் வாய்திறந்து நடத்துவதில்லை. ஆயினும் இவ்வகைப் பள்ளிகளின் தனித்தன்மை அனைத்தும் அதிலிருந்தே கிளைக்கிறது.

கடலோரத்தில் ஆய்வு நிலையம் அமைக்கும் முயற்சி 1870களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வலுப்பெற்றது. பிரான்சின் ரோஸ்கோஃபிலும் இத்தாலியின் நேப்பிள்ஸிலும் எழுந்த நிலையங்கள் அக்காலத்தவை. ஆனால் மாணவரை ஒரு கோடைக்காலம் முழுதும் கடலருகே தங்கவைத்துக் கற்பிப்பது என்ற வடிவம் அமெரிக்காவில் தெளிவாக உருப்பெற்ற இடம், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பஸர்ட்ஸ் விரிகுடாவில் உள்ள பெனிகீஸ் என்னும் சிறு தீவாகும். சுவிட்சர்லாந்தில் 1807இல் பிறந்து, பனியுகக் கோட்பாட்டுக்காகவும் தொல்மீன் ஆய்வுக்காகவும் புகழ்பெற்று, பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான லூயி அகாசி, பள்ளி ஆசிரியர்களுக்கு இயற்கையைக் கற்பிக்கும் முறையைக் கற்றுக்கொடுக்க ஓர் இடம் வேண்டுமென்று கேட்டபோது, ஜான் ஆண்டர்சன் என்ற நியூயார்க் புகையிலை வணிகர் அந்தத் தீவையும் 50,000 டாலரையும் அளித்தார். 1873 ஜூலை 8ஆம் நாள் பள்ளி திறக்கப்பட்டபோது மாணவர் விடுதியின் தச்சு வேலைகூட முடிந்திருக்கவில்லை. ஆட்டுப்பட்டியாக இருந்த பழைய கொட்டகையே தூய்மை செய்யப்பட்டு உணவுக்கூடமாகவும் விரிவுரைக்கூடமாகவும் பயன்பட்டது. வந்திருந்த ஏறத்தாழ 50 பேரில் பெரும்பாலோர் பள்ளி, கல்லூரிகளில் பாடம் நடத்தியவர்கள். அவர்களில் ஏறத்தாழ 15 பேர் பெண்கள். ஹார்வர்டு பெண்களை மாணவராகச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் ஹார்வர்டின் பேராசிரியர் ஒருவர் அவர்களை ஆண்களுக்குச் சமமாக ஒரே மேசையில் அமர்த்தினார் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்தத் தீவே ஒரு பாடப்பொருளாகவும் இருந்தது. ஒரு காலத்தில் வட அமெரிக்காவின் வடபகுதியை மூடியிருந்த பனிப்படலம் தான் அரைத்து இழுத்துவந்த மண்ணையும் பாறையையும் உருகும் இடத்தில் விட்டுச்செல்ல, அவ்வாறு குவிந்த படிவுகளே பெனிகீஸ் அடங்கிய எலிசபெத் தீவுக்கூட்டமாக நிற்கின்றன. உலகின் பெரும்பரப்பைப் பனி மூடியிருந்தது என்பதை 1840இல் நூலாக எழுதி அறிஞர் உலகை ஏற்கவைக்க முயன்றவர், தம் இறுதிக் கோடையில் அந்தப் பனி கட்டிய மேட்டின்மேல் நின்றே பாடம் நடத்தினார்.

அகாசியின் கற்பித்தல் முறை எளியது. அதே அளவுக்குக் கடுமையானது. மாணவர் கையில் ஒரு மீனோ நட்சத்திர மீனோ கொடுக்கப்படும். அதைப் பற்றி எந்த நூலையும் புரட்டாமல், எவரிடமும் கேட்காமல், கண்ணாலும் விரலாலும் அறியக்கூடியதை எல்லாம் அறிந்து வந்து சொல்லுமாறு அவர் பணிக்கப்படுவார். சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்று வருபவர் மீண்டும் அதே தட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவார். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று பார்வை நீளும்போது முதல் நாள் கண்ணில் படாதவை படத்தொடங்கும்: செதிலின் வரிசை, பக்கவாட்டில் ஓடும் நுண்துளைக் கோடு, உடலின் இரு பக்கமும் ஒத்திருக்கும் ஒழுங்கு. வரைந்து பார்க்கும்போது அறியாமை இன்னும் தெளிவாக வெளிப்படும். ஏனெனில் கண் தாவிச்சென்ற இடத்தில் கைக்கு வரையத் தெரியாது. நூலை விட்டு இயற்கையைக் கற்க வேண்டும் என்னும் பொருள்படும் அவருடைய முழக்கம் பெனிகீஸில் பலகையில் எழுதி மாட்டப்பட்டிருந்தது. அந்தப் பலகை பிற்காலத்தில் வுட்ஸ் ஹோல் என்ற ஊரில் எழுந்த கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தின் நூலகத்தில் இடம்பெற்றது என்பதில் சிறு நகைமுரண் உண்டு.

பள்ளி திறந்த அதே 1873ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் அகாசி காலமானார். அவர் மகன் அலெக்சாண்டர் அடுத்த கோடையில் பள்ளியை ஒருமுறை நடத்தினார்; அதன்பின் அது மூடப்பட்டது. தீவு பின்னர் 1905 முதல் 1921 வரை தொழுநோயாளர் மருத்துவமனையாக இருந்தது. இரண்டே கோடை நடந்த பள்ளியைத் தோல்வி என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அங்கே பயின்றவர்களின் பெயர்களைத் தொடர்ந்து சென்றால் வேறொரு கணக்கு கிடைக்கிறது. பெனிகீஸில் இருந்த வில்லியம் கீத் புரூக்ஸ் 1878இல் செசபீக் விரிகுடாவில் கோடை ஆய்வுக்கூடம் தொடங்கினார். அவரிடம் பயின்ற தாமஸ் ஹன்ட் மோர்கன் பின்னாளில் மரபணுக்கள் குரோமோசோம்களில் இடம்பெற்றிருப்பதை நிறுவி 1933இல் நோபல் பரிசு பெற்றார். பெனிகீஸ் மாணவரான சார்லஸ் ஓட்டிஸ் விட்மன், 1888இல் மீனவ ஊரான வுட்ஸ் ஹோலில் திறக்கப்பட்ட அந்தக் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1874இல் பெனிகீஸுக்கு வந்திருந்த கொர்னிலியா கிளாப் என்னும் ஆசிரியை அந்த ஆய்வுக்கூடத்தின் முதல் கோடையிலேயே சேர்ந்து, அங்கே ஒருவகைத் தேரைமீனின் முட்டை வளர்ச்சியை ஆராய்ந்து, மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்கு விலங்கியல் கற்பித்தார்.

வுட்ஸ் ஹோலில் இக்கல்விமுறை நிலைபெற்றதற்குப் புவியியல் காரணமும் உண்டு. பஸர்ட்ஸ் விரிகுடாவுக்கும் வினியர்ட் நீரிணைக்கும் இடையிலான குறுகிய இடுக்கின் கரையில் ஊர் அமைந்திருக்கிறது. இரு பக்கத்து நீர்மட்டமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காததால் இடுக்கில் நீர் கடும் வேகத்தோடு பாய்ந்து, அழுக்கைத் தங்கவிடாமல் தூய நீரையும் உணவையும் ஓயாமல் கொண்டுவருகிறது. மேலும், வடக்கின் குளிர்நீர் உயிர்களும் தெற்கின் வெதுநீர் உயிர்களும் சந்திக்கும் எல்லை கேப் காட் முனையையொட்டி இருப்பதால், அரைநாள் படகுப் பயணத்துக்குள் இருவகை உயிர்த்தொகுதிகளையும் மாணவர் காண முடிகிறது. காலை வற்றத்தில் கரையிறங்கும் குழு, கல்லைப் புரட்டினால் புரட்டிய கல்லை மீண்டும் பழைய நிலையிலேயே வைக்க வேண்டும் என்ற விதியை முதலில் கற்றுக்கொள்கிறது. கல்லின் அடியில் ஒட்டி வாழும் உயிர்கள் வெயில்பட்டால் மடிந்துவிடும் என்பதே அதன் காரணம். குதிரை லாட நண்டு, கணவாய், கடற்பஞ்சு, கடல் முள்ளெலி, மணலுக்குள் குழாய் கட்டி வாழும் புழுக்கள் ஆகியவை நண்பகலுக்குள் ஓடும் கடல்நீர் நிரம்பிய தொட்டிகளை வந்தடைகின்றன.

பிற்பகல் நுண்ணோக்கியின் பொழுது. கடல் முள்ளெலி இவ்வகைப் பள்ளிகளின் மேசையில் நூறாண்டுக்கு மேலாக நீங்கா இடம்பெற்றிருப்பதற்கு, அதன் கருவுறுதல் தாயின் உடலுக்குள் நிகழாமல் திறந்த நீரில் நிகழ்வதே காரணம். பொட்டாசியம் குளோரைடு கரைசலைச் சிறிதளவு ஊசியால் செலுத்தினால் அது முட்டைகளையோ விந்தணுக்களையோ வெளிவிடும். இரண்டையும் ஒரு துளிக் கடல்நீரில் சேர்த்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், விந்து தீண்டிய ஓரிரு நிமிடங்களுக்குள் முட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு எழும்பி, வேறு எந்த விந்தணுவும் நுழையாதபடி வாயிலை அடைத்துவிடும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அந்த ஒற்றைச் செல் இரண்டாகப் பிளக்கும். மறுநாள் அது நீந்தும் இளவுயிரியாகியிருக்கும். படத்தில் வரையப்பட்ட அம்புக்குறிகளால் மட்டுமே கருவியலை அறிந்திருந்த மாணவர், உயிர் தொடங்கும் நிகழ்ச்சியைத் தொடக்கம் முதல் இடையறாமல் காண்பது பெரும்பாலும் இந்த மேசையில்தான்.

அந்த மேசையின் சிறப்பு இன்னொன்றும் இருக்கிறது: ஏற்கெனவே அறியப்பட்ட விடையைச் சரிபார்க்கும் பயிற்சிக்கும், எவரும் அறியாத விடையைத் தேடும் ஆய்வுக்கும் இடையே அங்கே சுவர் இல்லை. முட்டை விந்தின்றியும் வளரக்கூடும் என்பதை, கடல்நீரின் உப்புச் சேர்மானத்தை மாற்றியமைத்து ஜாக் லோப் 1899இல் காட்டியது கடல் முள்ளெலி முட்டைகளைக் கொண்டுதான். 1982ஆம் ஆண்டுக் கோடையில் வுட்ஸ் ஹோலில் உடலியங்கியல் பாடம் நடத்த வந்திருந்த டிம் ஹன்ட் என்ற ஆங்கிலேயர், கருவுற்ற முள்ளெலி முட்டைகளில் புதிதாக உருவாகும் புரதங்களைக் கதிரியக்க அடையாளமிட்டுச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்; புரதங்கள் நேரம் செல்லச் செல்லப் பெருகும் என்பதே எதிர்பார்ப்பு. ஒரு புரதம் மட்டும் பெருகிவந்து, செல் பிளவுபடும் ஒவ்வொரு முறையும் திடீரென மறைந்து, மறுபடியும் தோன்றியது. செல் எப்போது பிளக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறியின் ஒரு பகுதி அது என்பது பின்னர் தெளிவாயிற்று; சைக்ளின் என்று பெயரிடப்பட்ட அந்தப் புரதத்துக்காக அவர் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எதிர்பாராத ஒன்று கண்ணில் படும்போது அதைப் பிழையென்று ஒதுக்காமல் இருக்கும் பண்பை அந்தச் சூழல் ஆசிரியரிடமும் கேட்டது, மாணவரிடமும் கேட்டது.

அத்தகைய கோடை ஒவ்வொருவருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை. 1897இல் அங்கே கருவியல் பயின்ற கெர்ட்ரூட் ஸ்டைன் அறிவியலைவிட்டு இலக்கியத்துக்குச் சென்றார். கடலிலிருந்து வெகுதொலைவில் பென்சில்வேனியாவில் வளர்ந்து, கடலை முதன்முறையாக 1929ஆம் ஆண்டுக் கோடையில் வுட்ஸ் ஹோலில் கண்ட ரேச்சல் கார்சன், ஆமையின் நரம்பு ஒன்றை ஆராயத் தொடங்கினார்; அந்த ஆய்வு நிறைவுபெறவில்லை, அவருடைய முதுகலை ஆய்வேடும் வேறொரு பொருளில் அமைந்தது. ஆனால் கடலைக் குறித்து அவர் பின்னாளில் எழுதிய நூல்களும், பூச்சிமருந்துகளின் கேட்டை உலகுக்கு உணர்த்திய 1962ஆம் ஆண்டு நூலும் அந்தக் கோடையில் கிடைத்த பழக்கத்துக்குக் கடன்பட்டவை. ஆய்வு முடிவுகளை மட்டும் எண்ணி ஒரு கோடைப் பள்ளியை மதிப்பிடும் அதிகாரி கார்சனின் கோடையைச் செலவுக் கணக்கில் மட்டுமே எழுதியிருப்பார்.

மாலையில் விரிவுரை, இரவில் மீண்டும் கடல் என்பது கோடைப் பள்ளி நாளின் எஞ்சிய பகுதி. நீரிஸ் என்னும் கடற்புழு ஆண்டின் பெரும்பகுதியில் அடிநிலத்தில் மறைந்து வாழ்ந்து, கோடை இரவுகளில், நிலவின் கட்டத்துக்கு இயைந்து, இனப்பெருக்கத்துக்காக நீரின் மேற்பரப்புக்குத் திரளாக எழுகிறது. விளக்கைப் பிடித்தால் அதன் ஒளிவட்டத்துக்குள் வந்து சுழலும். இந்தப் புழுவின் இரவுகளை ஃபிராங்க் லில்லி என்ற பேராசிரியரும், 1909 முதல் கோடைதோறும் வுட்ஸ் ஹோலுக்கு வந்த ஏர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட் என்ற இளம் கறுப்பின ஆய்வாளரும் சேர்ந்து பதிவுசெய்தனர். நீரிஸ் முட்டையில் விந்து நுழையும் புள்ளியே முதல் பிளவு எந்தத் தளத்தில் அமையும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று ஜஸ்ட் 1912இல் காட்டினார். கடல் உயிர்களின் முட்டைகளைச் சேதமின்றிக் கையாள்வதில் அவருக்கு நிகர் அரிது என்று கருதப்பட்டதால், மூத்த ஆய்வாளர்களும் அவரிடம் வழிகேட்டனர்.

இங்கேதான் அகாசியின் மரபு கேள்விக்குள்ளாகிறது. டார்வின் 1859இல் வெளியிட்ட கோட்பாட்டை அகாசி இறுதிவரை ஏற்கவில்லை. ஒவ்வோர் உயிரினமும் படைத்தவரின் தனித்தனி எண்ணம் என்பதே அவர் கொள்கை. நூலை நம்பாதே, பொருளைப் பார் என்று அவர் பழக்கிய மாணவர்களோ பொருளைப் பார்த்துவிட்டுப் பரிணாமத்தை ஏற்றுக்கொண்டனர். ஆசிரியரின் முறை ஆசிரியரின் முடிவை வீழ்த்தியது. ஒரு முறைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆனால் அகாசியின் இன்னொரு முடிவு அவ்வளவு எளிதில் வீழவில்லை. மனித இனங்கள் தனித்தனியாகத் தோன்றியவை, அவற்றுள் ஏற்றத்தாழ்வு உண்டு என்று வாதிட்ட அவர், அதற்குச் சான்று சேர்க்க 1850இல் தென் கரோலினாவில் அடிமைகளை ஆடையின்றி நிற்கவைத்து ஒளிப்படம் எடுக்கச் செய்தார். மீனை மூன்று நாள் பார்க்கச் சொன்ன கண் மனிதரைப் பார்க்கும்போது, முன்பே எழுதிவைத்த விடையை மட்டுமே கண்டது. ஜஸ்ட் 1883இல் பிறந்ததும் அதே தென் கரோலினாவில்தான். அகாசியின் மாணவர் வழியாகத் தோன்றிய ஆய்வுக்கூடத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலக் கோடைகளைக் கழித்தும், நிறவெறி நிலவிய நாட்டில் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் எதிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1930க்குப் பின் அவர் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களையே நாடி, 1941இல் மறைந்தார். பெனிகீஸின் மற்றொரு புகழ்பெற்ற மாணவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் தலைவருமான மீனியலாளர் டேவிட் ஸ்டார் ஜோர்டன், தகுதியற்றவர் எனக் கருதப்படுவோர் பெருகாமல் தடுக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டுவாதத்தின் முன்னணிப் பரப்புநராக இருந்தார். அப்பல்கலைக்கழகம் 2020இல் ஒரு கட்டடத்திலிருந்து அவர் பெயரை நீக்க முடிவுசெய்தது.

கூர்மையாகப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும், முன்முடிவுகள் தாமே உதிரும் என்ற நம்பிக்கை இதனால் பொய்க்கிறது. தட்டில் இருக்கும் முட்டைக்குத் தன்னைப் பற்றிய தவறான கருத்தை மறுக்கும் ஆற்றல் உண்டு. வெப்பம் பிழைத்தால் சாகும், உப்பு பிழைத்தால் கோணலாகப் பிளக்கும், எதிர்பார்த்த புரதத்தை இல்லாமல் செய்துவிடும். ஒளிப்படக் கருவியின் முன் நிறுத்தப்பட்ட அடிமைக்கு அந்த உரிமை தரப்படவில்லை. பார்க்கப்படுவது திருப்பிப் பதில் சொல்லக்கூடிய நிலையில் இருந்தால்தான் பார்வை அறிவாகிறது; அந்த நிலை பறிக்கப்பட்டால் எவ்வளவு நீண்ட பார்வையும் தன் விருப்பத்தையே காண்கிறது. பார்க்கும் மேசையைச் சுற்றி யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதும் ஆதலால் அறிவியல் முறையின் ஒரு பகுதியே. பெண்களுக்கு அகாசி அளித்த இருக்கையால் கிளாப்பின் ஆய்வு விளைந்தது, கறுப்பினத்தவருக்கு நாடு மறுத்த இருக்கையால் ஜஸ்டின் பிற்கால ஆய்வு தன் நாட்டில் வேரூன்றாமல் போயிற்று. வுட்ஸ் ஹோலின் அறிவியல் நிறுவனங்கள் ஒன்றுகூடி, அறிவியலில் இடம் மறுக்கப்பட்டுவந்த பிரிவுகளைச் சேர்ந்த கல்லூரி மாணவர்களையும் உள்ளிழுக்கும் நோக்கில், பாடமும் அதைத் தொடரும் ஆய்வுப் பணியுமாக ஒரு கோடைத் திட்டத்தை 2009இல் தொடங்கின. அது கருணைச் செயல் அன்று. முறையில் நெடுங்காலம் இருந்துவந்த பிழைக்குத் திருத்தம்.

கோடை அறிவியல் முகாம்களை நடத்துவோர் நாளின் ஒவ்வொரு மணியையும் விரிவுரையாலும் செய்முறைத் தாளாலும் நிரப்பிவிடவே பெரும்பாலும் விரும்புகின்றனர். பெற்றோரும் அதையே நிறைவான பயிற்சி என்று கருதுகின்றனர். பெனிகீஸும் வுட்ஸ் ஹோலும் காட்டும் பாடம் அதற்கு எதிரானது. விடை எழுதப்படாத ஒரு தட்டையும், அதன்முன் நீண்ட நேரம் அமரும் உரிமையையும், ஆசிரியர் சொன்னது தவறு என்று தட்டைக் காட்டிச் சொல்லும் துணிவையும் மாணவருக்குத் தரவேண்டும். அந்தத் தட்டின்முன் அமரும் வாய்ப்பை எவருக்கும் மறுக்காதிருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கோடை முகாம், கடலருகே நடந்தாலும், கடலுக்குச் செல்லாத முகாமே.